பம்பாய்க்குப் போன மாதிரிப் புட்டி

மகனே,

நேற்றுக் காலை விழுப்புரம் ஜங்ஷனில் உன்னைச் சென்னைப் பாசஞ்சரில் ஏற்றிவிட்டு நின்றபோது, புளிச்சோற்றை மதியத்துக்குள் சாப்பிட்டுவிடு, பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொள், பம்பாயில் இறங்கியதும் ஒரு கார்டு போடு என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கே சிரிப்பு வந்திருக்கும். நான் சொல்ல நினைத்தது வேறு. வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போடச் சொல்லி உள்நாட்டுக்காரர்கள் கொடுக்கும் மனுக்களை விசாரிக்கும் அலுவலகத்தில் உனக்கு வேலை என்று உத்தரவு வந்த நாளில், முகையூர் மாதா கோவிலில் சாமியார் உன் பேரைச் சொல்லி ஜெபம் செய்தார். உன் அம்மா தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். உன் சித்தப்பா அருளப்பன் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, உன் கேஸ் கட்டும் அங்கதானே இருக்கும்?" என்று கேட்டான். அதை உன்னிடம் சொல்லாமலே வண்டியேற்றிவிட்டேன். அந்தக் கட்டில் என்ன இருக்கிறது, அதில் எது பொய் என்று இப்போது எழுதுகிறேன்.

நம் குடும்பத்துக்கு ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். என் அப்பா அடுத்தவர் காட்டில் மல்லாட்டை பிடுங்கினார், அடுத்தவர் களத்தில் கேப்பை அடித்தார். கூலி வாங்கும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் நானும் சித்தப்பாவும் அதே ஓரத்தில்தான் நின்றிருப்போம். நான் சென்னையில் ஒரு காலேஜின் ரசாயனக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் வேலைக்குப் போனேன். கழுவிக்கொண்டே ஏழு வருஷம் வேடிக்கை பார்த்தேன். வாத்தியார்கள் மாணவர்களுக்குச் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது. சித்தப்பா விழுப்புரத்தில் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் கொட்டகையில் கூலியாகச் சேர்ந்து, பிறகு தானே ஒரு கொட்டகை போட்டான். சுற்று வட்டார நெசவாளிகளுக்கு அவன் கஞ்சி ஏற்றிக் கொடுத்த பாவுதான் தறிக்குப் போனது.

பிறகு எனக்கு மரக்காணம் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அதைக் கழிமுகத்தில் திறந்து விட்டுவிடுவார்கள். அதைக் காய்ச்சினால் மக்னீசியம் குளோரைடு கிடைக்கும் என்று காலேஜில் கேட்டிருந்தேன். நம் கொட்டகையில் அதற்குக் கசப்புப்பு என்று பெயர். அதைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கசியும். அந்தக் குணத்துக்காகத்தான் கஞ்சியில் அதைக் கலப்பார்கள். பங்குனி சித்திரை வெயிலிலும் பாவு நூல் காய்ந்து அறுந்துபோகாது. சித்தப்பா வாங்கிக்கொண்டிருந்த கசப்புப்பு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. நம் ஊர்த் தண்ணீரில் இருக்கிற சரக்குக்குக் கப்பல் எதற்கு என்று நினைத்துத்தான், திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் சாலையில் நாலு இரும்புத் தொட்டிகளை வைத்துச் சவுக்கு விறகு எரிக்க ஆரம்பித்தேன். அடுப்படிக்கு வந்தவர்கள் எல்லோரும் நம்மைப்போல நிலம் இல்லாதவர்கள். ராஜம்மா முதல் நாளே வந்தவள். தொட்டியில் நுரை கட்டும் விதத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள்.

இரண்டாம் வருஷத்திலேயே சீமைச் சரக்கின் விலை விழுந்தது. கொஞ்சமாக அல்ல. நான் விறகுக்குக் கொடுக்கும் காசுக்கு அவர்கள் முழு டிரம்மையே விற்றார்கள். சென்னைத் துறைமுகத்தில் அந்தச் சரக்கை வாங்கி விற்கும் ஏஜெண்ட் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், உட்காரச் சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்தார். "இந்த விலைக்கு அவங்களுக்கு எப்படிங்க கட்டுப்படியாகுது?" என்று கேட்டேன்.

"கட்டுப்படியாகல. அவங்க ஊர்ல இதே டிரம்ம இதவிட ஜாஸ்தி விலைக்கு விக்கிறாங்க. இங்க மட்டும்தான் இந்த விலை."

"எத்தினி நாளைக்கு அப்படி விப்பாங்க?"

"நீங்க அடுப்ப அணைக்கிற வரைக்கும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். நான் ஐந்து மாதம் தாங்கினேன். அதன் பிறகு அணைத்தேன். அணைத்த அடுத்த பருவத்தில் சீமைச் சரக்கு பழைய விலைக்கு ஏறியது. இதை நீ மறக்கக் கூடாது. பின்னால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, வரி கேட்பவன் எல்லாம் பொய்யன் என்று நீ முடிவு கட்டிவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பு அணைந்த மறுநாள் ராஜம்மா மறுபடியும் களத்துமேட்டுக்குக் கூலிக்குப் போனாள். வழியில் என்னைப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "கூப்பிடறப்ப வர்றேங்க" என்று மட்டும் சொன்னாள்.

யுத்தம் வந்தது. ஜெர்மன் சரக்கு நின்றது. மற்ற கப்பல்களிலும் இதற்கு இடமில்லை. நான் மறுபடியும் அடுப்பு மூட்டினேன், சித்தப்பாவும் என் சரக்கையே வாங்கினான். அந்த வருஷங்களில் நீ விழுப்புரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தாய். உன் சின்னம்மா சங்கக்கடை ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி முதல் சோற்றை உனக்குப் போட்டாள். நான் அனுப்பிய பணம் உன் புத்தகத்துக்குக் காணாது, மிச்சமெல்லாம் அவர்கள்தான். அதே சமயத்தில் அவர்களுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறேன்.

கசப்புத் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டு இரண்டு மூன்று நாள் தெளியவிட்டால், சேறும் துருவும் அடியில் போய்ப் படிந்துவிடும். மேல்தண்ணீரை மட்டும் எடுத்துக் காய்ச்ச வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். யுத்த காலத்தில் எதைப் போட்டாலும் விற்றது. வியாபாரிகள் வாசலில் வந்து நின்றார்கள். தெளியவிடும் இரண்டு நாளில் இன்னும் ஒரு காய்ச்சல் காய்ச்சிவிடலாமே என்று ஒருமுறை தெளியவிடாமல் காய்ச்சினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தெளியவிடும் வழக்கத்தையே விட்டுவிட்டேன். தொட்டிகளும் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தன. அதையும் நான் மாற்றவில்லை.

ஒருநாள் சித்தப்பா திண்டிவனத்துக்கு வந்தான். "அண்ணே, வெள்ளைத் துணியில மஞ்சக் கறை உழுது. சோப்புப் போட்டாலும் போவல. நெய்யறவங்க என்ன வந்து கேக்கறாங்க" என்றான்.

எனக்கு அந்த நிமிஷமே தெரியும். இரும்புக் கறை வேறு எங்கிருந்து வரும்? ஆனால் வாயில் வந்தது வேறு. "நீ கஞ்சி காய்ச்சற அண்டாவப் பாத்தியா? அது இரும்புதானே?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. அதுவாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த மாதம் சின்னம்மாவின் காதில் கம்மல் இல்லை. கொட்டகையில் புதுச் செம்பு அண்டா இருந்தது. நீகூட ஒரு லீவில் வந்தபோது, சித்தப்பா பெரிய அண்டா வாங்கியிருக்கிறார் என்று என்னிடம் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் கூச்சமானது பின்னால் வரும் பொய்யல்ல, அந்தத் தலையாட்டல்தான்.

யுத்தம் முடிந்ததும் சீமை டிரம்கள் மறுபடியும் இறங்கின, மறுபடியும் அடிமாட்டு விலைக்கு. என் அடுப்புகளில் பாதி அணைந்தன, பதினெட்டுப் பேர் வேலையிலிருந்து நின்றார்கள். இந்தத் தடவை நான் தனியாக இல்லை. வேறு ஊர்களிலும் சிலர் இதைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து மனுப் போட்டோம். வெளிநாட்டான் தன் ஊர் விலைக்குக் குறைத்து இங்கே கொட்டுகிறான், அந்த வித்தியாசத்துக்கு வரி போடுங்கள் என்பது எங்கள் கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பம்பாயிலிருந்து கேள்வித்தாள் வந்தது. வழக்கமாக உற்பத்தி செய்யும் சரக்கிலிருந்து ஒரு மாதிரி எடுத்துப் புட்டியில் அடைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

நான் ராஜம்மாவையும் அனுப்பிவிட்டு, தனியாக இருந்து ஒரு குடம் தண்ணீரை ஆறு நாள் தெளியவிட்டேன். அதைப் பீங்கான் சட்டியில் காய்ச்சினேன். பால்போல வெள்ளையாக வந்தது. புட்டியில் போட்டு அரக்கு வைத்து, 'வழக்கமான உற்பத்தியிலிருந்து எடுத்தது' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது.

பிறகு, காய்ச்சுகிறவர்களையும் வாங்குகிறவர்களையும் நேரில் கேட்பதற்கு ஒரு அதிகாரி வந்து திண்டிவனம் முசாபரி பங்களாவில் தங்கினார். தமிழ்க்காரர், நிதானமானவர். வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு எங்களை உட்காரவைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். வாங்குகிறவர் என்ற முறையில் சித்தப்பாவுக்கும் ஓலை போயிருந்தது. அவன் ஒரு துணிப்பையோடு வந்திருந்தான். எங்கள் இருவரையும் ஒன்றாகவே உள்ளே வரச் சொன்னார்.

"உங்க சரக்கு சீமைச் சரக்குக்கு ஈடா இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்குங்க ஐயா. மாதிரி அனுப்பிச்சிருக்கேன்."

"அத சோதிச்சாச்சு. இரும்பு துளிகூட இல்லைன்னு வந்திருக்கு. நீங்க விக்கற எல்லா டிரம்மும் அப்படித்தானா?"

"அப்படித்தானுங்க."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "வரி போட்டா சீமைச் சரக்கு விலை ஏறும். உங்களுக்குக் கஷ்டமில்லையா?"

"கஷ்டந்தானுங்க."

"இவர் சரக்கத்தான் வாங்கணும்னு ஆயிடும். அதுல ஏதாவது குறை உண்டா? இருந்தா தைரியமாச் சொல்லலாம்."

சித்தப்பா மடியிலிருந்த பையின்மேல் கையை வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. அதிகாரிக்குப் பின்னால் இருந்த சன்னலைப் பார்த்தான். "கொறை ஒண்ணும் இல்லீங்க" என்றான். வெளியே வந்து இருவரும் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தோம். அவன் வறுத்த மல்லாட்டை வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினான். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

வரி போட்டார்கள், சில வருஷத்துக்கு என்று கெடு வைத்து. எங்கள் அடுப்புகள் முழுசாக எரிந்தன. நின்றுபோன பதினெட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். சீமை டிரம்மின் விலை ஏறியதும் நானும் என் விலையை ஏற்றினேன், அதற்கு ஒரு படி கீழே நிற்கிற மாதிரி. செலவு கூடியதால் அல்ல, ஏற்ற முடிந்ததால் ஏற்றினேன். தெளியவிடும் வேலையை இனியாவது ஆரம்பிக்கலாம் என்று நினைப்பேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவேன்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருக்கிறது, நம் வரி அங்கே செல்லாது. அங்கே, சித்தப்பா கொட்டகையிலிருந்து ஒன்றரை மணி ரயில் தூரத்தில், இன்னொருவன் கஞ்சிக் கொட்டகை போட்டான். அவனுக்கு வரியில்லாத சீமை டிரம், வெள்ளை வெளேரென்ற பாவு, குறைந்த கூலி. நெசவாளிகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கறை விழுந்த துணியை வாங்க யாரும் வரமாட்டார்கள். பொம்மையார்பாளையத்தில் படகு வைத்திருந்த ஒருவன் சித்தப்பாவிடம் வந்து, சுங்கக்காரன் கண்ணில் படாமல் கடல்வழியாக டிரம் இறக்கித் தருகிறேன் என்றானாம். "எங்க அண்ணன் கேட்டு வாங்கின வரிப்பா அது. நானே அத ஏமாத்தறதா?" என்று சொல்லிச் சித்தப்பா அவனை அனுப்பிவிட்டான். இதை எனக்குச் சின்னம்மா சொன்னாள், அவன் சொல்லவில்லை. அந்த ஆடியில் அவன் கொட்டகையை மூடினான்.

மூடின வாரம் அதே துணிப்பையோடு என்னிடம் வந்தான். டிரம் அடைக்கிற பலகையின்மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தான். நெடுக மஞ்சள் கறை, நெல் அவித்த தண்ணீர் சிந்தின மாதிரி. "முசாபரி பங்களாவுக்கு இதத்தான் எடுத்துக்கினு வந்தேன்" என்றான்.

"ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா உன் அடுப்பு அணைஞ்சிருக்கும். இங்க வேல செய்யறது யாரு, நம்ம ஜனங்கதானே. மறுபடியும் களத்துல போயி ஓரமா நிக்கணுமான்னு நெனச்சிக்கினு வாய மூடிக்கினேன். வரி வந்துச்சின்னா மூச்சு விட்டுக்கினு நீ சரி பண்ணுவேன்னு இருந்தேன். ரெண்டு வருசம் பாத்தேண்ணே."

"அண்டா?" என்றேன்.

"அண்டாவுல தப்பில்லன்னு வாங்கின மாசமே தெரியும்." கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வேட்டியை மடித்து வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான். நான் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரே நின்றுகொண்டிருந்தேன். பிறகு, இங்கேயே இரு, தெளிகிற தொட்டிகளை நீ பார்த்துக்கொள், நீ சரி என்று சொல்லாத தண்ணீர் அடுப்புக்குப் போகாது என்றேன். உடனே சம்மதிக்கவில்லை. சின்னம்மாவைக் கேட்டுவிட்டுப் பத்து நாள் கழித்து வந்தான். அன்று முதல் இன்று வரைக்கும் அப்படித்தான் நடக்கிறது. செங்கல்லில் மூன்று தெளிவுத் தொட்டிகள் கட்டினோம், பழைய இரும்பைத் தூக்கிப் போட்டோம். அவன் இப்போது என் தொழிலில் பாதிப் பங்காளி. அதனால் அவன் கொட்டகை திரும்பி வந்துவிடவில்லை. இரண்டாந்தரம் அவனை நம்பி வருவதற்கு நெசவாளிகளுக்கு என்ன தலையெழுத்து?

இனி நீ உட்காரப்போகும் நாற்காலிக்கு வருகிறேன். மனுப் போடுகிற எங்களைப்போன்றவர்கள் நாலைந்து பேர். எங்களுக்கு ஒன்றுசேரத் தெரியும், வக்கீலிடம் எழுதி வாங்கத் தெரியும். வாங்குகிறவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பார்கள். விசாரணைக்கு வருகிறவர்களிலும் பாதிப் பேர் எங்களுக்குத் தம்பியாகவோ கடன்பட்டவராகவோ இருப்பார்கள். குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி ஒருவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினால், பையில் என்ன இருக்கிறது என்று கேள். வெளிநாட்டான் விலையைக் குறைத்துக் கொட்டுவது உண்மையா என்று பார். உண்மையென்றால் தயங்காமல் எழுது. அந்த அடியை வாங்கியவன் நான். அதோடு, வரியின் நிழலில் உட்கார்ந்தவன் அங்கே என்ன செய்கிறான் என்றும் பார்க்க ஆள் அனுப்பச் சொல். என்னை யாரும் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் எனக்கே நல்லதாக இருந்திருக்கும்.

வரியின் கெடு முடியப்போகிறது. நீட்டிக்கலாமா என்று விசாரிக்க மறுபடியும் கேள்வித்தாள் வந்திருக்கிறது, மறுபடியும் மாதிரிப் புட்டி கேட்டிருக்கிறார்கள். நான் புட்டி அனுப்பப்போவதில்லை. முன்னால் அனுப்பிய மாதிரி பொய் என்றும், அதன்மேல் நான் சொன்ன வாக்குமூலம் பொய் என்றும் எழுதி, இப்போது காய்ச்சும் சரக்கில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து எந்த டிரம்மை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து அதைப் படித்துக் காட்டினேன். போகிறது அவர்கள் பிழைப்பும்தானே.

ராஜம்மாதான் முதலில் கேட்டாள். "இதப் படிச்சிட்டு வரிய எடுத்துட்டாங்கன்னா?"

"எடுத்தாலும் எடுப்பாங்க."

"அப்ப சீமைக்காரன் மறுபடியும் பழைய வேலையக் காட்டுவான்."

"காட்டுவான்."

அவள் தட்டில் கை கழுவினாள். "இப்ப போடற சரக்குல கறை இல்லியே. அத எழுதனீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"அப்ப அனுப்புங்க. எவன் எப்ப வந்து கேப்பானோன்னு பயந்துக்கினே அடுப்பு எரிக்கறதுக்கு, கேட்டுட்டே போவட்டும்" என்றாள். சித்தப்பா தெளிவுத் தொட்டிப் பக்கம் எழுந்து போனான்.

உன் மேலதிகாரிக்கு அந்தக் கடிதத்தை இன்று காலையே பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அவர் கைக்கு அது நீ போய்ச் சேருகிற வாரத்திலேயே போய்ச் சேரும். ஆகையால் அப்பாவைக் காட்டிக் கொடுப்பதா மறைப்பதா என்று நீ ஒரு நாளும் தவிக்க வேண்டியதில்லை. அதை நான் முடித்துவிட்டேன். வேலையில் சேருகிற அன்றே அவர் அறைக்குப் போய், அந்தக் கடிதம் எழுதியவரின் மகன் நான், அந்தக் கட்டு என் மேசைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு. சொல்லிவிட்டு வந்து, அடுத்த கட்டைப் பிரித்து வேலையைப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா